பழைய மோட்டார்க்காரின் முன்கண்ணாடியும் மழைநீரும்

ஐப்பசி மாதத்து முதற் பெருமழை பெய்த மறுநாட் காலையில், காரின் கதவைத் திறந்தவுடன் எழும் நாற்றத்தைப் பழைய கார் வைத்திருப்போர் யாவரும் அறிவர். ஈரமான சணல் விரிப்பும், ஊறிய தோலும், கறள் பிடித்த இரும்பும் கூடிய நாற்றம் அது. கால்மிதியைத் தூக்கினாற் கீழே சிறு குளமொன்று தேங்கி நிற்கும். மழை விட்டதும் அந்நீரைத் துணியால் ஒற்றியெடுத்து, கதவுகளை வெயிலுக்குத் திறந்து வைத்துவிட்டு, அடுத்த மழை வரையும் அதனை மறந்திருப்பது எம்மவர் வழக்கம். யானும் அவ்வாறு மறந்திருந்தவர்களுள் ஒருவன். அம்மறதிக்கு விலை கொடுத்த பின்னரே முன்கண்ணாடியைக் கழற்றி மீளப் பொருத்தும் வேலையைக் கற்றுக்கொண்டேன். அதனை ஈண்டு எழுதுவது, இன்னும் விலை கொடாதவர்களுக்கு உதவும் என்னும் எண்ணத்தினாலேயாம்.

எமது பகுதியிற் பழைய கார் என்பது காட்சிச்சாலைப் பொருளன்று. மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் ஏ-40 ஆகியவை யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாடகைக் கார்களாகவும் வீட்டுக் கார்களாகவும் பல தலைமுறைகளுக்கு உழைத்தவை. மாப்பிள்ளை அழைப்புக்கும் ஆசுபத்திரிக்கும் ஒரே வண்டியே சென்று வந்தது. 1990களிற் பெற்றோல் கிடையாத காலத்தில், சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைத் தொடக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையைப் பலரும் அறிவர். 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 இன் தொடக்கத்திலேயே. அவ்விடைக்காலத்திற் கொட்டிலில் உறங்கிக் கிடந்த பழைய கார்கள் பல தெருவுக்கு மீண்டன. எனது தந்தையார் விட்டுச்சென்ற 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 அவற்றுள் ஒன்று.

மைனர் 1948 ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரை ஆக்கியவரும் அவரே. 1956 வரையும் மைனருக்கு முன்கண்ணாடி இரண்டு துண்டுகளாக இருந்தது. தட்டையான இரு கண்ணாடிகளும் அவற்றை நடுவே பிரிக்கும் ஒரு சட்டமும் காணப்படும். அவ்வாண்டில் மைனர் 1000 வெளிவந்தபோது வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்தது. பார்வைக்கு அழகு, ஓட்டுபவருக்கும் நன்மை. ஆனால் தட்டைக் கண்ணாடி உடைந்தால் ஊர்க் கண்ணாடிக் கடையில் அளவுக்கு வெட்டுவித்துப் போட்டுக்கொள்ளலாம். வளைந்ததற்கு அவ்வசதி இல்லை.

இருவகையிலும் கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பது ஓர் இறப்பர் வாரே. அதனைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கிலத்து ‘எச்’ எழுத்தைப் போலத் தோன்றும். மேலே ஒரு தவாளிப்பு, கீழே ஒரு தவாளிப்பு. ஒன்றினுட் கண்ணாடியின் ஓரம் அமர்கிறது. மற்றையது, காரின் உடலிற் கண்ணாடிக்கென விடப்பட்ட திறப்பைச் சுற்றி நிற்கும் தகட்டு விளிம்பைக் கவ்வுகிறது. தவாளிப்பின் இரு மருங்குமுள்ள மெல்லிய ஓரங்களை உதடுகள் என்பர். ஆணியில்லை, திருகில்லை. நெருக்குண்ட இறப்பர் தன் பழைய வடிவத்துக்கு மீள முயல்கின்ற அந்த அழுத்தமே கண்ணாடியையும் பிடிக்கிறது, மழையையும் தடுக்கிறது. சில கார்களில் வாரின் புறத்தே மூன்றாவதாக ஒரு சிறு தவாளிப்பு இருக்கும். அதனுட் செருகப்படும் நாடா, ஆப்புப் போல நின்று உதடுகளை மேலும் இறுக்கும். பசை என்பது இவ்வமைப்பில் ஒரு துணைப்பொருள் மாத்திரமே. இதனை நன்கு மனத்திற் கொள்ளுதல் வேண்டும். மைனருக்கு நேரும் தீங்குகளிற் பெரும்பாலானவை இதனை அறியாமையால் வருவன.

இக்காலக் கார்களில் நிலைமை வேறு. அவற்றின் கண்ணாடி பொலியுரேதேன் என்னும் வன்மை மிக்க பசையினால் உடலோடு ஒட்டப்படுகிறது. ஒட்டிய பின் அது வண்டியின் உடல் வலிமைக்கே ஓர் உறுப்பாகிவிடும். கார் கவிழுமிடத்துக் கூரை நசியாது தாங்குவதிலும் அதற்குப் பங்குண்டு. இன்றைய கராஜ்களில் வேலை பழகும் இளைஞர் கண்டு பழகியது இம்முறையே. ஆதலின் பழைய காரிலே நீர் ஒழுகுகிறது என்று சொன்னவுடன் அவர்கள் கை பசைக்குழாயை நாடுவதில் வியப்பில்லை.

எனது காருக்கு நேர்ந்ததும் அதுவே. முதல் மாரியில் இடதுபுறக் கால்வைப்பிடத்தில் நீர் கண்டு, அதனை ஒரு கராஜுக்குக் கொண்டு சென்றேன். இறப்பரைச் சுற்றி வெளிப்புறமாகக் கரிய பசையொன்றை இழைத்துத் தந்தனர். பார்ப்பதற்கு அழகாயிருந்தது. ஒழுக்கும் குறைந்தது. ஆனால் காய்ந்து வெடித்த இறப்பரின் மேல்மூலையால் உட்புகுந்த நீர், முன்னர் கீழ்ப்புறத்தாற் கசிந்து வெளியேறியதுபோல இப்பொழுது வெளியேற இயலவில்லை. தவாளிப்பினுள்ளே அகப்பட்டு, தகட்டு விளிம்பை நனைத்தவண்ணம் இரண்டு ஆண்டுகள் கிடந்தது. மைனருக்கு ஒஸ்ரின் ஏ-40 டெவன் காருக்குள்ளது போலத் தனியான சட்டகம் இல்லை. தரைத்தகடும் அதன் குறுக்குச் சட்டங்களுமே வண்டியைத் தாங்குகின்றன. ஆகவே கண்ணாடியோரத்து ஒழுக்குக் கால்மிதியை நனைப்பதோடு நில்லாது வண்டியின் முதுகெலும்பையே தின்னும். மூன்றாம் மாரியில் யான் தரையை விரலால் அழுத்தியபோது விரல் வெளியே சென்றது.

அதனைச் சரிசெய்யக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. பசை விடவில்லை. ஒருவர் உள்ளிருந்து தள்ள, மற்றொருவர் திருப்புளியால் நெம்ப, ஒரு சிறு ஓசையுடன் கண்ணாடி முழுவதும் கற்கண்டுத் துண்டுகளாகி மடியிற் கொட்டியது. அதன் இடது மூலையில், தந்தையார் ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்தை ஒட்டி ஒட்டி எடுத்த பசையின் வட்டத்தழும்பு ஒன்று இருந்தது. எத்தனையோ முறை சுரண்டிக் கழுவ நினைத்து, செய்யாமல் விட்டது. அதுவும் துண்டுகளோடு போயிற்று.

அவ்வாறு உடைந்தது ஏன் என்பதையும் கூறவேண்டும். காருக்கான கண்ணாடி இருவகை. ஒன்று வன்மையூட்டிய கண்ணாடி. அதனை 600 பாகை செல்சியசுக்கு மேலாகச் சூடாக்கி, காற்றை வீசித் திடீரெனக் குளிர்விப்பர். மேற்பரப்பு முன்னரே இறுகிவிட, உட்பகுதி பின்னர் இறுகிச் சுருங்குவதால், மேற்பரப்பு எப்பொழுதும் நெருக்குண்டும் உள்ளகம் இழுபட்டும் நிற்கும். அதன் நெஞ்சில் அடித்தால் நன்கு தாங்கும். ஓரத்தில் ஒரு சிறு நெம்பல் போதும், அடக்கி வைத்த இறுக்கம் முழுவதும் ஒருங்கே அவிழ்ந்து சிறு சிறு துண்டுகளாகிவிடும். 1950களிலும் 1960களிலும் வந்த பிரித்தானியக் கார்கள் பலவற்றில் இவ்வகையே இருந்தது. மற்றையது அடுக்குக் கண்ணாடி. இரு மென்கண்ணாடிகளுக்கு இடையே ஒளிபுகும் பிளாஸ்ரிக் படலம் ஒன்றை வைத்து ஒட்டியது. எதுவார்ட் பெனெதிக்தூஸ் என்னும் பிரெஞ்சு இரசாயனர் 1903 இல் ஒரு குடுவையைத் தவறவிட, அது வெடித்தும் சிதறாமல் நின்றதைக் கண்டார். முன்னொருகால் அதனுள் இருந்து உலர்ந்த செலுலோசு நைத்திரேற்றுப் படலம் துண்டுகளைப் பிடித்திருந்தது. 1909 இல் அவர் காப்புரிமை பெற்ற அடுக்குக் கண்ணாடிக்கு வித்து அதுவே. இவ்வகை சிதறாது, ஆனால் ஓரத்தில் ஒரு பொளிவு விழுந்தால் அங்கிருந்து கீறல் நாளடைவில் ஓடும். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வருவித்த எனது இரண்டாவது கண்ணாடி அடுக்குக் கண்ணாடி. அது வந்து சேர மாதங்கள் சென்றன. அம்மாதங்களை யான் வேலையைக் கற்பதிற் செலவிட்டேன்.

முதலில் ஒழுக்கின் வாயைக் காணல் வேண்டும். நீர் வெளிப்படும் இடமும் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாயிரா. மேல்மூலையிற் புகுந்த நீர் தவாளிப்பின் வழியே வாய்க்காலில் ஓடுவதுபோல் ஓடிக் கீழ்மூலையில் வந்து விழும். ஆகவே உட்புறத்தை நன்றாகத் துடைத்துலர்த்தி, இறப்பரின் ஓரமெங்கும் முகப்பவுடரைத் தூவிவிடுக. ஒருவர் டோர்ச் விளக்குடன் உள்ளே இருக்க, மற்றொருவர் வெளியிலிருந்து குழாய்நீரை மெல்லப் பாய்ச்சுக. கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நின்று, மேலே செல்லுதல் வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருங்கே நனைந்து, உண்மை தெரியாமற் போகும். பவுடரில் நீர் கீறும் கோடு வழியைக் காட்டிவிடும். இச்சோதனையிற் கண்ணாடி குற்றமற்றதென்று தெளிவாவதும் உண்டு. வைப்பர் அச்சுகளின் அடியிலுள்ள இறப்பர் வளையம், கதவோரத்து இறப்பர், இயந்திர அறைச் சுவரிற் கம்பிகள் நுழையும் துளைகள் ஆகியன கண்ணாடியின் மேற் பழிபோடும் இயல்பின. ஐம்பது ரூபா வளையத்துக்காகக் கண்ணாடியைக் கழற்றியவர் உளர்.

கழற்றுவது என்று முடிவு செய்தாற் பழைய இறப்பரை மீண்டும் உபயோகிக்கும் ஆசையை விட்டுவிடுக. எமது வெயிலில் அது சில ஆண்டுகளிலேயே மரக்கட்டையாகிவிடும். இறப்பர் மரம் இலங்கைக்கு வந்தது 1876 இல், கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு. அதன் பாலைக் கொண்டு உலகமே வண்டி ஓட்டுகிறது. ஆயினும் இயற்கை இறப்பருக்குச் சூரிய ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் பகை. இன்று விற்கப்படும் கண்ணாடி வார்கள் பெரும்பாலும் ஈ.பீ.டீ.எம். என்னும் செயற்கை இறப்பராலானவை; அவை வெயிலை நன்கு தாங்கும், ஆனால் எண்ணெயைத் தாங்கா. புது வாரைக் கையில் வைத்துக்கொண்டே பழையதில் கத்தியை வைக்க வேண்டும். வைப்பர்களைக் கழற்றிவிட்டு, வெளிப்புற உதட்டைக் கண்ணாடியை ஒட்டியவாறு சுற்றிவர அறுத்தெடுத்தாற் கண்ணாடி தானே வெளியே சாயும். நெம்புவது எவ்வகையிலும் ஆகாது. இருவர் அதனைத் தாங்கியெடுத்து, மடித்த சாக்குகளின் மேல் வளைவு கீழ்நோக்காமல் வைத்தல் வேண்டும். சீமெந்துத் தரையில் ஓரம் ஊன்ற நிறுத்திய கண்ணாடியை மறுநாளும் அவ்வாறே காணலாம் என்று எண்ணற்க.

இனி வருவதுதான் வேலை. கண்ணாடியை மீளப் பொருத்துவது ஒரு மணி நேரம்; அதற்கு முன் தகட்டு விளிம்பைச் செம்மை செய்வது ஒரு வாரம். பலர் இவ்வாரத்தை ஒரு மணி நேரமாக்கி, அதன் பயனைப் பின்னர் அனுபவிக்கின்றனர். பழைய பசை முழுவதையும் மரச்சிராய் கொண்டு சுரண்டி, மிகுதியை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துவிடுக. பிறகே கறளின் அளவு தெரியும். மேலோட்டமான கறளைக் கம்பித்தூரிகையால் வெள்ளிரும்பு தெரியுமட்டும் தேய்த்து, பொசுபோரிக்கமிலம் கலந்த கறள்நீக்கியைப் பூசி, அறிவுறுத்திய நேரம் வைத்துக் கழுவி, முழுதும் உலரவிட்டு, முதற்பூச்சும் அதன்மேல் வர்ணமும் இடுதல் வேண்டும். ஓட்டை விழுந்த இடத்திற் பூச்சு உதவாது. அழுகிய பகுதியை வெட்டிப் புதுத்தகடு ஒட்டவைத்தே ஆகவேண்டும். ஒட்டவைப்பவர் தகட்டின் தடிப்பைப் பழைய அளவிலேயே வைத்தல் முக்கியம். விளிம்பு தடித்தாற் தவாளிப்பு ஏற்காது, மெலிந்தாற் கவ்வாது. ஒட்டிய புடைப்புகளை அராவிச் சமன் செய்யாவிட்டால் அவ்விடத்திற் கண்ணாடி நெருக்குண்டு, ஒருநாள் காரணமின்றிக் கீறுவதுபோற் கீறும். மைனருக்கு உடற்றகடு தேடி எம்மவர் அலைவதில் ஒரு வேடிக்கை உண்டு; 1990களில் இத்தகடுகள் இலங்கையிலேயே அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. வர்ணம் பூசிய பின் நான்கைந்து நாள் பொறுத்தல் வேண்டும். உலராத வர்ணத்தை இறப்பர் உரித்துக்கொண்டு போய்விடும்.

பொருத்தும் நாளில் இறப்பரை முற்றத்து வெயிலிற் சற்று வைத்து இளகச் செய்க. அதனைக் கண்ணாடியின் ஓரத்திற் சுற்றிவரப் பூட்டி, மூலைகள் சரியாக அமர்ந்தனவா எனப் பார்க்க. பொருத்து உள்ள வாராயின் அப்பொருத்து மூலையில் வரலாகாது. இழுத்து நீட்டிப் பூட்டுவதும் தவறு; நீட்டிய இறப்பர் சில மாதங்களிற் சுருங்கிப் பொருத்தில் வாய் திறக்கும். அளவுக்கு வெட்டவேண்டிய வாராயிற் சிறிது மிகையாக வெட்டி, நெருக்கிப் பொருத்துவதே நன்று.

அடுத்தது கயிறு. இவ்வேலையின் சூட்சுமம் முழுவதும் இதிலேயே உள்ளது. சுமார் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள வழுவழுப்பான நைலோன் கயிறொன்றை, தகட்டு விளிம்பு புகவேண்டிய தவாளிப்பினுட் சுற்றிவரப் புதைத்து, இரு நுனிகளும் கீழ்ப்பக்கத்தின் நடுவில் ஒரு முழமளவு ஒன்றையொன்று கடந்து, காரின் உட்புறமாகத் தொங்கும்படி விடுதல் வேண்டும். தும்புக்கயிறு ஆகாது, அது இறப்பரை அறுக்கும். தவாளிப்பிலும் தகட்டு விளிம்பிலும் சவர்க்கார நீரைத் தாராளமாகப் பூசுக. வழுக்கட்டுமென்று எண்ணெயோ கிறீசோ பூசுவோர் இறப்பருக்கு நஞ்சூட்டுகின்றனர்.

இருவர் கண்ணாடியை வெளியிலிருந்து திறப்பின் மேல் வைத்து, கீழ்ப்பக்கத்தை முதலில் விளிம்பில் அமரச் செய்து, இடமும் வலமும் இடைவெளி ஒத்திருப்பதை உறுதி செய்க. பின் ஒருவர் உள்ளே சென்று கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக் கண்ணாடியின் நடுவை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். கயிறு வெளிவரும்போது உட்புற உதட்டைத் தூக்கித் தகட்டு விளிம்பின் மேலாக எடுத்துவிடும். வெளியில் நிற்பவர், கயிறு எங்கே வெளிவருகிறதோ அங்கே உள்ளங்கையாற் கண்ணாடியை அழுத்திக்கொண்டே செல்லுதல் வேண்டும். இருவரும் பேசிக்கொண்டே செய்வது நல்லது. ஒருவர் முந்த, மற்றவர் பிந்தினால் உதடு மடியும், அல்லது கயிறு இறப்பரைக் கிழிக்கும். ஒரு நுனியால் ஒரு மூலை வரை சென்று நிறுத்தி, மற்றை நுனியால் எதிர்மூலைக்குச் செல்க. பின்னர் பக்கங்கள், கடைசியில் மேற்பக்கம். எனக்கு வலதுபுற மேல்மூலையில் உதடு ஏற மறுத்தது. கையால் அடித்து ஏற்றலாம் என்று உடனிருந்தவர் கூறினார். முந்திய கண்ணாடியின் ஓசை காதில் நின்றமையால் மறுத்துவிட்டேன். கழற்றிச் சவர்க்கார நீர் பூசி மீண்டும் தொடங்கினோம். இரண்டாம் முறை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. ஆப்பு நாடா உள்ள காராயின் அதனை இப்பொழுது செருகலாம். அதற்கெனக் கண்ணியுடன் கூடிய ஒரு கைக்கருவி உண்டு, அதனை இரவல் வாங்கியேனும் வைத்துக்கொள்வது விரல்களுக்கு நன்மை.

இனிப் பசையைப் பற்றிச் சொல்லலாம். பழைய காருக்கு வேண்டியது என்றும் கட்டியாகாத இளகிய அடைப்புப் பசை. கண்ணாடிக்கும் வெளி உதட்டுக்கும் இடையிலும், வெளி உதட்டுக்கும் காரின் உடலுக்கும் இடையிலும், தட்டை மூக்குள்ள குழாயை உதட்டின் அடியிற் செலுத்தி மெல்லிய இழையாக விடுக. அது உதட்டின் உள்ளே இருக்க வேண்டும். வெளியே தெரியுமாயின் மிகையாகிவிட்டது என்பது பொருள். சிலர் பொருத்துமுன்னரே தவாளிப்பை நிரப்புவர். அவ்வாறு செய்தாற் கயிறும் கையும் கண்ணாடியும் பசையாகும் என்பதால் யான் அதனை விரும்புவதில்லை. குளியலறைக்கு விற்கும் புளிப்புநாற்றச் சிலிக்கன் பசையை அண்டவிடலாகாது. உறையும்போது அது அசற்றிக்கமிலத்தை விடுவதால் வெறும் இரும்பிற் கறளைத் தானே வளர்க்கும். பொலியுரேதேனைப் பற்றி மேலே கூறியது போதும். வழிந்த பசையை மண்ணெண்ணெய் சற்றே தோய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிடுக. துணியிலிருந்து சொட்டக் கூடாது.

பொருத்திய அன்றே நீர்ச்சோதனை செய்து மகிழ்ந்துவிட வேண்டாம். ஓடும்போது காரின் உடல் முறுகும். கண்ணாடி தன் இடத்தை அப்பொழுதே கண்டுகொள்ளும். ஒரு வாரம் நல்ல தெருவிலும் குண்டும் குழியுமான ஒழுங்கையிலும் ஓட்டி, உதடு எங்கேனும் மடிந்ததா, எழும்பியதா எனப் பார்த்து, பின்னர் பவுடர் தூவி முன்னர் போன்று கீழிருந்து மேலாக நீர் பாய்ச்சிப் பார்க்க. கால்மிதியை விரிப்பதற்கு முன் மூன்று நல்ல மழைகளை விடுவதும் நன்று. நனைந்த விரிப்பு உலர்ந்த தரையையும் கெடுக்கும். யான் அவ்வாறே விட்டேன். கார்த்திகையின் மூன்றாம் மழைக்குப் பின்னரும் பவுடர் காய்ந்தே கிடந்தது. அன்று மாலை விரிப்பை இட்டு, அவ்வாண்டின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுக் கண்ணாடியின் இடது மூலையில், தந்தையார் ஒட்டிய அதே இடத்தில் ஒட்டினேன்.